வான்குடையும் தையற்கலையும்

'பாராசூட்' என்றதும் நம் இல்லத்துத் தாய்மார்களுக்கு நினைவில் தோன்றுவது நீலநிறத் தேங்காயெண்ணெய்ப் புட்டியே. அப்புட்டிக்குப் பெயர் தந்த பொருளை நேரில் கண்டோர் ஒரத்தநாட்டு வட்டாரத்தில் மிகச் சிலரே ஆவர். ஆயினும் அப்பொருள் இன்று நமக்கு அண்மையில் வந்துவிட்டது. தஞ்சை விமானப்படைத் தளம் 2013ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பெற்றது. 2020 சனவரி 20ஆம் நாள் சுகோய்-30 போர் விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அங்கு நிலைகொண்டது. அவ்விமானம் தரையிறங்கி ஓடுதளத்தில் விரையுங்கால், அதன் வாற்பகுதியிலிருந்து வான்குடை விரிந்து, காற்றைப் பற்றி, ஓட்டத்தைத் தணிக்கின்றது. பணி முடிந்த வான்குடை கழற்றிவிடப்படுகின்றது. அதனை எடுத்து வந்து, உதறி, ஆராய்ந்து, மீண்டும் மடித்து வைக்க ஒருவர் வேண்டுமன்றோ?

அந்த ஒருவரின் தொழிலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம். மேலைநாட்டார் அவரை 'ரிக்கர்' என்பர். நாம் 'வான்குடை வினைஞர்' எனக் கொள்வோம். மருத்துவம், பொறியியல், கணினி என்னும் மூன்று வாயில்களையன்றி வேறு வாயில் உண்டெனக் கருதாத நம் மாணவர்களும், "தையல்தானே" என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடும் நம் பெரியோர்களும் இத்தொழிலைச் சற்று அறிந்து வைத்தல் நன்று.

வினைஞர் செய்வது யாது?

வானிலிருந்து விளையாட்டாகக் குதிப்பவர் முதுகில் சுமக்கும் பையில் இரண்டு வான்குடைகள் உள்ளன. ஒன்று முதன்மை வான்குடை. மற்றொன்று காப்பு வான்குடை. முதன்மை வான்குடையைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். பழகிய கைக்கு அது சிறுபொழுதில் முடியும் வேலை. காப்பு வான்குடையின் நிலை வேறு. முதன்மை வான்குடை விரியாமலோ முறுக்கிக்கொண்டோ போனால், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் வீழும் ஓர் உயிருக்கு எஞ்சியிருப்பது அது ஒன்றே. ஆதலின் அமெரிக்கச் சட்டப்படி, உரிமம் பெற்ற வினைஞரே அதனை மடிக்க வேண்டும். ஒருமுறைகூடப் பயன்படாவிடினும், 180 நாள்களுக்கு ஒருமுறை அதனைத் திறந்து ஆராய்ந்து மீண்டும் மடிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு இறுதி வரை இக்காலவரையறை 120 நாள்களாக இருந்தது. பட்டு போன்ற இயற்கை இழையால் ஆனதாயின் 60 நாள்களே.

மடித்தல் என்னும் சொல்லைக் கேட்டு, சேலை மடிப்பது போன்றதென எண்ணிவிடலாகாது. முதலில் துணியைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கூறையும் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துக் கிழிசலும் கறையும் தேடுகின்றனர். வடங்கள் ஒவ்வொன்றையும் விரலால் தடவி நோக்குகின்றனர். நைலானுக்கு வெயில் பகை. மின்கல அமிலம் பெரும்பகை. சேணத்தின் தையல்களில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கின்றனர். தானியங்கித் திறப்பானின் காலக்கெடுவைச் சரிபார்க்கின்றனர். இத்திறப்பானைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். குதித்தவர் நினைவிழந்து போனாலும், தரைக்கு மேல் ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் அவர் இன்னும் விரைந்து வீழ்ந்துகொண்டிருப்பதை உணர்ந்து, காப்புப் பையைக் கட்டியிருக்கும் கண்ணியைத் தானே அறுத்துவிடும் சிறு கருவி அது. செருமனியில் உருவாகி 1991இல் விற்பனைக்கு வந்த 'சைப்ரஸ்' என்னும் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது.

இத்தனையும் பார்த்த பின்னரே மடிப்புத் தொடங்குகின்றது. பெருந்துணியைச் சிறு பைக்குள் அடக்கி, கண்ணியை இழுத்து, ஊசி செருகி மூடுவது கையும் முழங்காலும் சேர்ந்து செய்யும் வேலை. மூடுங்கால் தற்காலிகமாக ஓர் ஊசியைச் செருகி வைப்பர். இறுதியில் அதனை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் பை திறவாது. ஆகவே வேலை தொடங்குமுன் கருவிகளை எண்ணி வைப்பதும், முடிந்தபின் மீண்டும் எண்ணுவதும் இத்தொழிலின் மாறா வழக்கம். அறுவை மருத்துவர் பஞ்சையும் கத்தரியையும் எண்ணுவதற்கு ஒப்பானது இது. பின்னர் ஊசியின்மேல் மெல்லிய சிவப்பு நூலைக் கட்டி, ஈயமுத்திரை இடுகின்றனர். அம்முத்திரையில் அவ்வினைஞர்க்கென வழங்கப்பெற்ற குறியீடு பதிகின்றது. பையோடு வைக்கும் அட்டையில் நாளும் பெயரும் உரிம எண்ணும் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். தம் பதிவேட்டையும் ஈராண்டுகளேனும் காத்துவைத்தல் கடமை. குதிப்பவர் யாரென்று வினைஞர் அறியார். வினைஞரின் முகத்தைக் குதிப்பவர் கண்டிருக்கமாட்டார். அந்தக் கையொப்பம் ஒன்றே இடையில் நிற்கின்றது. நம் சமுதாயத்தில் வழங்கும் 'அமானிதம்' என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்துமென்பது நம் கருத்து.

மடிப்போடு தையலும் இவர்கள் கைவசமே. சேணத்தின் தடித்த நாடாக்களைத் தைக்கக் கனத்த பொறி வேண்டும். காற்றுப்போன்ற மெல்லிய கவிகைத் துணிக்கு வேறு பொறி. வடங்களின் முனைக்குக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கும் ஜிக்ஜாக் பொறி. ஓர் அங்குலத்தில் இத்தனை தையல் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். தையல் குறைந்தால் பிடிப்பில்லை. மிகுந்தால் ஊசித்துளைகள் நெருங்கி, அஞ்சல்தலைத் தாள் போல அக்கோட்டிலேயே துணி கிழியும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று எண்ணும் நம்மூர் வழக்கத்திற்கு இது நேர்மாறானது.

பட்டிலிருந்து நைலானுக்கு

தொடக்கத்தில் வான்குடைகள் பட்டால் ஆனவை. திருபுவனத்துத் தறிகளை அறிந்த நமக்குப் பட்டின் உறுதியைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் சப்பானியப் பட்டு அமெரிக்காவிற்குக் கிட்டாது போகவே, நைலான் அவ்விடத்தைப் பிடித்தது. நைலான் வான்குடை மனிதரைத் தாங்குமா என்ற ஐயத்தைத் தீர்த்தவர் ஒரு பெண். 1942 சூன் 6ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரை அடுத்த பிரெய்னார்டு விமானத்திடலில், அடலின் கிரே என்பார் நைலான் வான்குடையுடன் குதித்து நலமே தரையிறங்கினார். அவர் வான்குடைத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த உரிமம் பெற்ற வினைஞர் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழில் 'தையல்' என்னும் சொல் தைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துபவர் அவர்.

நம் நாட்டில்

1941ஆம் ஆண்டு இந்தியாவில் 50ஆவது வான்குடைப் படையணி அமைந்தது. அதே ஆண்டில் கான்பூரில் வான்குடைத் தொழிற்சாலையும் எழுந்தது. முதன்முதலாக வான்குடையுடன் குதித்த இந்தியப் படையினர் இருவருள் ஒருவர் தமிழர். 152ஆம் வான்குடைப் பட்டாலியனின் மருத்துவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பின்னர் கொரியப் போரில் 60ஆவது வான்குடை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, மகாவீர் சக்கர விருது பெற்றார். குதித்தவர் பெயர் வரலாற்றில் நின்றது. அவருக்கு மடித்துக் கொடுத்தவர் பெயரை எந்நூலிலும் நாம் கண்டதில்லை.

கான்பூர்த் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் 'கிளைடர்ஸ் இந்தியா' என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றது. சுகோய் விமானத்தின் வேகந்தணி வான்குடையும் அங்கே தைக்கப்படுவதே. புதியன வடிவமைக்கும் பணி, ஆக்ராவிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் வான்வழி வழங்கல் ஆய்வகத்திற்கு உரியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்கு வான்குடைகளை உருவாக்கியோர் இவர்களே. அக்கலம் திரும்பி வருகையில் பத்து வான்குடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்படுகின்றன. இறுதியில் விரியும் மூன்று முதன்மை வான்குடைகள் ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டமுடையது. மூன்றில் இரண்டு விரிந்தாலே போதும். ஒன்று பொய்த்துப்போதலையும் முன்னரே கணக்கிட்டிருக்கின்றனர். 2023 அக்டோபர் 21ஆம் நாள் சிறீஅரிக்கோட்டையிலிருந்து ஏவப்பெற்ற சோதனைக் கலம், இவ்வான்குடைகளின் துணையால் நம் வங்கக்கடலில் மெல்ல இறங்கியது. 2025 ஆகஸ்டு 24இல் உலங்கு வானூர்தியிலிருந்து ஏறத்தாழ 4.8 டன் எடையுள்ள கலத்தைக் கீழே விட்டு மீண்டும் சோதித்தனர்.

வழிகள்

இனி, இத்தொழிலை நாடும் மாணவர்க்கு வழி யாது? உண்மையை மறையாது கூறின், இந்தியாவில் இடங்கள் மிகக் குறைவு. படைத்துறையில் சேர்ந்து, அங்கே பயிற்சி பெறுவது ஒரு வழி. 2022 முதல் நடைமுறையிலுள்ள அக்னிபாத் திட்டத்தில் பணிக்காலம் நான்காண்டே என்பதையும், அதன்பின் நான்கில் ஒரு பகுதியினர் வரையே நிலைபெறுவர் என்பதையும் மறத்தலாகாது. சேர்வோர் எல்லார்க்கும் வான்குடைப் பிரிவே கிட்டும் என்பதும் இல்லை. ஜவுளித் தொழில்நுட்பம் பயின்று ஆய்வகப் பணிக்கு முயல்வது இரண்டாவது. பட்டமின்றியும் கைத்திறனைக் கொண்டு தொடங்க விரும்புவோர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் தொழில்நுட்பம் என்னும் ஓராண்டுப் படிப்பு உள்ளது. அது வான்குடைப் படிப்பு அன்று. ஆயின் பொறியோடு பழகிய கை எங்கும் வீண்போவதில்லை.

நம் வட்டாரத்தார்க்கு வளைகுடா நாடுகள் புதியவை அல்ல. துபாயில் 2010ஆம் ஆண்டு முதல் வானிலிருந்து குதிக்கும் விளையாட்டுக்கென ஒரு பெருங்களம் இயங்கி வருகின்றது. இத்தகைய களங்களில் முதன்மை வான்குடை மடிப்போர்க்குப் பெரும்பாலும் மடிப்பெண்ணிக்கை பார்த்தே கூலி. உரிமம் பெற்ற வினைஞர் நிலை அதனினும் மேலானது. அமெரிக்க உரிமத்திற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மேற்பார்வையின்கீழ் ஒரே வகையில் 20 வான்குடைகளேனும் மடித்திருக்க வேண்டும். எழுத்து, வாய்மொழி, செய்முறை ஆகிய மூன்று தேர்வுகளிலும் தேற வேண்டும். பெரும் பழுதுகளைச் செப்பனிடும் முதுநிலை உரிமத்திற்கு மூன்றாண்டுப் பட்டறிவும், இரு வகைகளில் வகைக்கு நூறு மடிப்பும் கேட்கின்றனர். இவ்வுரிமத்தைப் பணம் பெற்றுக்கொண்டு வாங்கித் தருவதாக முகவர் எவரேனும் கூறினால், பெற்றோர் அவரை வாயிலிலேயே நிறுத்திவிடுக.

ஆங்கிலத்தைப் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருத்தல் அவ்வுரிமத்திற்குரிய தகுதிகளுள் ஒன்று. தயாரிப்பாளரின் கையேட்டில் ஒரு வரியைத் தவறாகப் பொருள் கொண்டாலும் அதன் விளைவு வானில் தெரியும். எனினும் முதலில் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவர்க்கு ஆங்கிலக் கையேடு எளிதாகும் என்பது வகுப்பறையில் நாம் நாளும் காண்பது. இக்கட்டுரைக்காகவே சில சொற்களைக் கையாண்டோம். விரியும் துணிக்குக் 'கவிகை' என்னும் பழஞ்சொல் இருக்கவே இருக்கின்றது. உடலைப் பிணிக்கும் நாடாக்களுக்குக் குதிரையின் 'சேணம்' உதவிற்று. வடம், கண்ணி, ஊசி ஆகியன நம்மூர்ச் சொற்களே. ஜிக்ஜாக்கிற்கு மட்டும் பொருத்தமான சொல் அகப்படவில்லை. ஒரத்தநாட்டுத் தையற்கடைகளிலும் அது ஜிக்ஜாக்தான்.