ஒரு பல்லி, ஏழு பெயர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இரவு நேரத்தில் பாறையிலும் மரப்பட்டையிலும் ஊரும் சிறு பல்லி ஒன்று உண்டு. 1875இல் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. கிடைத்த இடம் லண்டன். சென்னை மாகாணத்தின் வனத்துறைத் தலைவராக இருந்த ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் போன்றவர்கள் சாராயத்தில் இட்டுக் கப்பலேற்றிய உடல்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே ஆல்பர்ட் குந்தர் அவற்றை ஆராய்ந்து, ஆனைமலையின் பெயரையே பல்லிக்கும் வைத்தார்.

அன்றைய விவரிப்பு சுருக்கமானது. செதில்களின் அமைப்பு, விரலடிப் பட்டைகள், உடலின் அளவு, சாராயத்தில் மங்கியது போக எஞ்சிய நிறம், அவ்வளவே. பிடித்த இடம் எது என்றால் ஒரு மலைத்தொடரின் பெயர். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த உயரம் என்ற கேள்விகள் அன்று எழவில்லை. காட்டில் கல்லைப் புரட்டி அந்தப் பல்லியைப் பிடித்துத் தந்த உள்ளூர்க் கைகளுக்கும் அந்தப் பக்கங்களில் இடமில்லை.

1933இல் மால்கம் ஸ்மித் இப்பல்லிக்கென்றே ‘திராவிடோகெக்கோ’ என்று ஒரு பேரினத்தை ஏற்படுத்தினார். இடையில் சில காலம் அது வீட்டுப் பல்லிகளின் பேரினத்தோடு சேர்க்கப்பட்டது. எப்படி வகுத்தாலும் இனம் ஒன்றுதான் என்ற எண்ணம் மட்டும் 144 ஆண்டுகள் மாறவில்லை.

2019இல் மாறியது. இந்திய ஆய்வாளர் குழு ஒன்று வயநாட்டிலிருந்து திருவனந்தபுரத்து மலைகள் வரை மாதிரிகள் திரட்டியது. செதில்களை இன்றும் எண்ணத்தான் செய்கிறார்கள். அதோடு மரபணு வரிசையை ஒப்பிட்டார்கள், உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்தார்கள், பிடித்த இடத்தை ஜி.பி.எஸ். கருவியால் குறித்தார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தவை ஏழாகப் பிரிந்தன. புதிய ஆறில் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர், இன்னொன்றுக்கு மேகமலையின் பெயர், மற்றொன்றுக்குத் ‘தொல்பல்லி’ என்ற தமிழ்ப் பெயர். இவற்றின் மூல மாதிரிகள் இன்று கடல் கடந்து போவதில்லை. இந்திய நிறுவனங்களிலேயே இருக்கின்றன. இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் குந்தரின் புட்டி இன்றும் தேவைப்படுகிறது. ஏழில் ஆனைமலைப் பெயர் எதற்கு உரியது என்று தீர்க்க அந்தப் பழைய உடல்களே சாட்சி. லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு வகுத்துத் தந்த இருசொல் பெயர்முறையும், முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்ற பிற்கால விதியும் மரபணுக் காலத்திலும் நிலைத்திருக்கின்றன. இந்தத் தொடர்ச்சி எனக்கு ஆறுதல் தருகிறது.

கவலை வேறிடத்தில். ஒரே இனம் என்று இருந்தபோது அது பல மலைகளில் பரவிய பல்லி. ஏழான பிறகு ஒவ்வொன்றும் சில மலைகளுக்குள் அடங்கிவிட்டது. அங்குள்ள சோலைக்காடு போனால் அந்த இனத்துக்கு ஒதுங்க வேறிடமில்லை. பெட்டோம் காலத்தில் தேயிலைக்கும் காப்பிக்கும் காடழிந்த சரிவுகளில் வேறு பல்லிகள் இருந்தனவா என்பதை எந்த மரபணுச் சோதனையாலும் இனி சொல்ல முடியாது.

இன்னொரு இழப்பும் உண்டு. பெட்டோம் காட்டை நிர்வகித்தார், செடிகளைப் பற்றி நூல்கள் எழுதினார், பாம்புகளையும் பல்லிகளையும் விவரித்தார். இன்று வனத்துறை ஒரு பக்கம், ஆய்வுக்கூடம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே செதில் எண்ணத் தெரிந்த வகைப்பாட்டாளர்கள் குறைவு. பிடிபட்ட ஒரு புதிய இனம் பெயர் பெறுவதற்குள் சராசரியாக 21 ஆண்டுகள் அலமாரியில் காத்திருக்கிறது என்று உலக அளவிலான ஆய்வொன்று 2012இல் கணக்கிட்டது. அந்த 21 ஆண்டுகளில் ஒரு மலைச்சரிவே மாறிவிடலாம். நம் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் வகைப்பாட்டியலை ஒரு தேர்வுத்தாளாக நிறுத்திவிடாமல், மாணவர்களை மலைக்கு அழைத்துப்போய்க் கற்றுத்தர வேண்டும். அங்கே கண்டறிய இன்னும் இருக்கிறது: 2019க்குப் பிறகு குன்னூரின் பெயரோடு எட்டாவது இனமும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.