ஊரொலியும் அதன் எல்லையும்

கண்ணைப் படைத்த ஆண்டவன், வேண்டாதபோது அதனை மூடிக்கொள்ளுதற்கு இமையையும் உடன் படைத்தான். செவிக்கோ அத்தகைய கதவு யாதும் இல்லை. காண விரும்பாததைக் காணாது ஒழியலாம். கேட்க விரும்பாததைக் கேளாது ஒழிதல் அரிது. உறங்கும்போதும் செவி விழித்தே கிடக்கின்றது. ஆதலின் ஒருவர் எழுப்பும் ஓசை அடுத்தவர் வீட்டிற் புகுதற்கு அவ்வீட்டாரின் இசைவை வேண்டி நிற்பதில்லை. இது பற்றியே ஊரொலிக்கு எல்லை வகுக்கும் விதிகள் தோன்றின. அவ்விதிகள் யாவை, நெல்லையில் வாழும் நம்மை அவை எவ்வாறு தொடுகின்றன என்பதனை ஈண்டு எழுதப் புகுந்தோம். இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதனை முதற்கண் கூறிவிடுதலே நேர்மை.

சென்ற ஆண்டு பங்குனித் திங்களில், தேர்வு நெருங்கிய வேளையில், எம் விடுதிக்கு அணித்தாயுள்ள தெருவொன்றில் அம்மன் கொடை நடைபெற்றது. தெருமுனையிலும் மின்கம்பத்திலும் கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. வில்லுப்பாட்டும் திரைப்பாட்டும் மாறி மாறி இரவெல்லாம் முழங்கின. தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றைப் பத்து முறை படித்தும் அது நெஞ்சில் நில்லாமையால் நொந்து, யாம் அறுவர் திரண்டு, கொடையை நடத்தும் பெரியவரிடம் முறையிடச் சென்றோம். அவர் எங்களைத் திண்ணையில் அமரச் செய்து, மோர் தந்து, சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "தம்பிமாரே, நீங்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் போன மாதம் உங்கள் கூட்டம் மூன்று நாள் நடந்ததே, அப்போது உங்கள் குழாய் எங்கள் வீட்டைப் பார்த்துத்தானே கட்டியிருந்தது? எங்கள் அம்மா வாதத்திலே படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மூன்று ராத்திரியும் அவள் கண்ணை மூடவில்லை. நாங்கள் வந்து கேட்டோமா?" என்றார். "அண்ணாச்சி" என்று தொடங்கிய எம் தலைவனுக்கு அதற்குமேற் சொல் எழவில்லை. மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவே, யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்டத்தைக் கொண்டே அறியவேண்டும் என்னும் எண்ணம் எமக்கு உண்டாயிற்று. தேடிக் கற்றதில், இரு பக்கத்தும் நியாயம் இல்லை என்பதே தெரியலாயிற்று.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைச் சார்ந்து, இந்திய நாடு முழுமைக்குமாக ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் வெளியிடப்பெற்றன. இவை நிலத்தை நான்காகப் பகுக்கின்றன. தொழிற்சாலைப் பகுதியில் பகலில் 75 டெசிபெல், இரவில் 70. வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. அமைதிப் பகுதியில் பகலில் 50, இரவில் 40 என்பன எல்லைகள். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலத்தை நால்வகையாகப் பகுத்த தமிழ் மரபிலே பயின்ற எமக்கு, ஓசையால் நிலத்தைப் பகுக்கும் இம்முறை புதுமையாகத் தோன்றியது. திணை மயக்கமும் இங்கு உண்டு. நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளைப் பாருங்கள். கீழே கடை, மேலே குடித்தனம். இத்தகைய கலப்பிடங்களை நான்கனுள் எதன்பாற் படுத்துவது என்பதை உரிய அதிகாரியே அறுதியிட்டு அறிவிக்கலாம் என்று விதி கூறுகின்றது.

அமைதிப் பகுதி என்பது மருத்துவமனை, கல்விநிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடம். பாளையங்கோட்டையில் பள்ளியும் கல்லூரியும் ஒன்றையொன்று நெருங்கி நிற்றலின், நகரிற் பெரும் பகுதி தானே அமைதிப் பகுதியாகிவிடும் என்று மாணவர் பலர் எண்ணியிருக்கின்றனர், யாமும் எண்ணியிருந்தோம். அது பிழை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாநில அரசு அவ்விடத்தை அமைதிப் பகுதியென்று அறிவித்தால் ஒழிய அது அமைதிப் பகுதி ஆகாது. கல்லூரி வாயிலில் ஒலிப்பான் அடிக்காதீர் என்று பலகை நாட்டுவது வேறு. அரசின் அறிவிக்கை வேறு.

இனி, டெசிபெல் என்னும் இவ்வளவை விளங்கிக்கொள்ளாதார்க்கு இவ்வெண்கள் வெற்றெண்களே. தொலைபேசியோடு பெயர் பிணைந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் நினைவாக அமைந்த 'பெல்' என்னும் அளவின் பத்தில் ஒரு கூறே டெசிபெல். இது முழம் போலவும் படி போலவும் கூட்டிக்கொண்டு செல்லும் அளவு அன்று; பெருக்கிக்கொண்டு செல்லும் அளவு. 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 20 ஏறினால் நூறு மடங்காகும். நம் செவியோ 10 டெசிபெல் ஏற்றத்தை ஏறக்குறைய இரு மடங்கு உரப்பாகவே உணரும். ஆகவே குடியிருப்பின் 55க்கும் வணிகத் தெருவின் 65க்கும் உள்ள வேறுபாடு சிறிதென்று கருதற்க. அது பத்து மடங்கு வேறுபாடு.

இன்னும் ஒரு கணக்கு. திறந்த வெளியில், ஒலி பிறக்கும் இடத்திலிருந்து தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். ஒரு கூம்பு ஒலிபெருக்கி ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபெல் ஒலிப்பதாகக் கொள்வோம். 2 மீட்டரில் 104. 4 மீட்டரில் 98. இவ்வாறே குறைந்து 128 மீட்டரில் 68. 512 மீட்டரிலும் 56 நிற்கும். அஃதாவது, அரைக் கிலோமீட்டர் கடந்தும் குடியிருப்புப் பகுதியின் பகல் எல்லையை அது மீறியே நிற்கின்றது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் 50 ஆக நின்று இரவெல்லையை மீறுகின்றது. சுவரும் மரமும் காற்றும் சிறிது குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் தாமிரவருணிக் கரையில் வாழ்வோர் அறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. அமைதியான இரவில் நீரையும் வயலையும் ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெம்மையாகவும் இருக்கும். மேலெழுந்து செல்லும் ஒலி அவ்வெம்மையான அடுக்கிற் பட்டுக் கீழ்நோக்கி வளையும். அதனாலன்றோ பகலிற் கேளாத அக்கரைப் பாட்டு நள்ளிரவில் நம் சாளரத்தருகே பாடுவது போலக் கேட்கின்றது! கூம்பை உயரக் கட்டுவோர் தம் பந்தலில் உள்ளார்க்குப் பாடுவதாகவே நினைக்கின்றனர். பாட்டோ அவர் முகம் அறியாத ஊரார்க்கும் போய்ச் சேர்கின்றது.

நிற்க. விதியிற் கூறப்படும் இரவு எது? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. இதில் முற்பகுதியை யாவரும் அறிவர். பத்து மணியானால் 'செட்'டை நிறுத்தவேண்டும் என்று சிறு பிள்ளையும் சொல்லும். பிற்பகுதியையோ பெரும்பாலோர் மறந்தனர். மார்கழியில் வைகறை நாலரைக்குக் கோயிலிற் பாட்டு எழுகின்றது. டிசம்பரில் ஐந்து மணிக்கு நம் ஆலயங்களிற் கீர்த்தனை எழுகின்றது. அதிகாலைத் தொழுகைக்கு அழைப்பும் எழுகின்றது. எழுப்புவோர் உள்ளத்தில் அது காலை. விதியின் கணக்கில் அது இரவு. இரவில் ஒலிபெருக்கியையோ இசைக்கருவியையோ ஒலி எழுப்பும் பிற கருவியையோ, அரங்கம் போன்ற அடைத்த இடத்தினுள் அங்குள்ளார் கேட்டற்பொருட்டு அன்றிப் பயன்படுத்தல் ஆகாது. பொது இடர்க்காலம் மட்டும் விலக்கு. பகலிலும் அதிகாரியின் எழுத்து மூலமான இசைவு பெற்றே ஒலிபெருக்கியைப் பயன்படுத்தவேண்டும். பொது இடத்தின் எல்லையில் நின்று அளந்தால், அப்பகுதிக்குரிய அளவினும் 10 டெசிபெல்லுக்கு மேலாகவோ, 75க்கு மேலாகவோ இருத்தல் கூடாது. இரண்டனுள் எது குறைவோ அதுவே எல்லை.

திருவிழாவிற்குச் சலுகை இல்லையோ எனின், உண்டு. மாநில அரசு ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேற்படாமல், இரவு 10 மணி முதல் 12 மணி வரை இசைவு அளிக்கலாம். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் இச்சலுகை செல்லும் என்றது. இது தெருவுக்குப் பதினைந்து, கோயிலுக்குப் பதினைந்து என்று பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு அன்று. எல்லார்க்கும் சேர்த்தே பதினைந்து.

இவ்விதிகள் சமயத்தை நெருக்குகின்றன என்று நம்மவருள் மனம் வருந்துவோர் உளர். அவர்கள் அறியவேண்டிய வழக்கொன்று உண்டு. அது தமிழ்நாட்டிற் பிறந்தது. ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றியது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில், கே.கே.ஆர். நகரில் உள்ள 'சர்ச் ஆவ் காட்' என்னும் பெந்தெகொஸ்தே சபையின் செபக்கூடத்தில் பறைகளும் கிதாரும் ஒலிபெருக்கியும் கொண்டு ஆராதனை நடந்து வந்தது. அருகிலிருந்த குடியிருப்போர் நலச்சங்கத்தினர் 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டனர்; பின்னர் உயர்நீதிமன்றம் ஏறினர். ஓசை எம்முடையதன்று, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளுடையது என்று சபையார் வாதித்தனர். அரசியலமைப்பின் 25, 26ஆம் உறுப்புக்கள் தரும் சமயவுரிமையையும் எடுத்துக்காட்டினர். உயர்நீதிமன்றம், ஒலிபெருக்கி உரிமம் பற்றி அப்பாராவ் என்பார் தொடுத்த வழக்கில் 1995இல் தான் காட்டிய நெறியையே பற்றி, ஒலியைக் குறைக்குமாறு ஆணையிட்டது. சபையார் உச்சநீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் நீதிபதிகள் எம்.பி. ஷா, எஸ்.என். புகன் ஆகிய இருவரும் மேல்முறையீட்டைத் தள்ளினர்.

அத்தீர்ப்பின் கருத்து இது: பிறர் அமைதியைக் குலைத்துத்தான் இறைவனை வேண்டவேண்டும் என்று எச்சமயமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கியும் பறையும் வழிபாட்டின் இன்றியமையா உறுப்புக்கள் அல்ல, முதியோர், நோயாளர், கைக்குழந்தைகள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஆகியோரின் அமைதியும் ஓர் உரிமையே. மாணவர் என்னும் சொல்லைக் கண்டதும் எமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. நோயாளர் என்னும் சொல்லைக் கண்டதும் அண்ணாச்சியின் தாயார் நினைவு வந்தது, அம்மகிழ்ச்சி அடங்கிற்று.

சங்கீதப் புத்தகத்தின் இறுதிச் சங்கீதம் பேரோசைக் கைத்தாளத்தைக் கூறவில்லையா என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். கூறுகின்றது. ஆனால் அக்காலத்துக் கைத்தாளத்திற்கு மின்சார இணைப்பு இல்லை என்று விடை கூறினோம். அவர் நகைத்தார், உடன்பட்டாரா என்பது தெரியாது. அத்தீர்ப்பு ஒருசார்பானதும் அன்று. கோயில், பள்ளிவாசல், ஆலயம், அரசியற் கூட்டம், கலியாண வீடு ஆகிய எல்லார்க்கும் அதே அளவுகோல். சுவருக்கு அப்பாற் சென்றது என்ன பாட்டு என்று விதி வினவுவதில்லை. எவ்வளவு சென்றது என்றே வினவுகின்றது.

ஓசையால் விளையும் தீங்கு உறக்கக்கேட்டோடு நிற்பதன்று. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி அமர்ந்த உச்சநீதிமன்ற ஆயம் விரிவான தீர்ப்பொன்று வழங்கியது. அவ்வழக்கின் மூலம், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானபோது, அருகில் முழங்கிய ஒலிபெருக்கிப் பாட்டினால் அவளது கூக்குரல் எவர் செவியிலும் விழாமற்போன செய்தி. அவள் பின்பு தீக்குளித்து உயிர் நீத்தாள். இதற்குமேல் இதனைப் பற்றி எழுத எமக்குக் கை எழவில்லை.

முறையிடுவது எவ்வாறு எனின், பகுதிக்குரிய அளவை 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் ஒலி மீறினாலும், இரவுக் கட்டுப்பாடு எவ்வகையில் மீறப்பட்டாலும், எவரும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி ஆகியோருள் அரசு குறித்தவர் அவ்வதிகாரி.

எனினும், விதி வருமுன்னரே ஓசையை அடக்கத் தெரிந்தவர் நம் நாட்டில் இருந்தனர். அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் என்னும் புலவர் காட்டும் தலைவன், பூவில் துணையொடு தேனுண்ணும் வண்டுகள் அஞ்சாதிருத்தற்பொருட்டுத் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். இது புலவர் கற்பனை என்பார் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் சென்று பார்க்க. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீடுகளினிடையே நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவை வெருண்டு பறந்துவிடாதபடி அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைகள் எவரிடமும் மனுக் கொடுக்கவில்லை.

இவ்வாண்டு மாசியில் எம் கூட்டம் மறுபடியும் வந்தது. மூங்கிற்கம்பத்தின் உச்சியிற் கட்டும் நான்கு கூம்புகளை விடுத்து, பந்தலினுள்ளே உள்நோக்கிய இரண்டு பெட்டிகளை மட்டும் வைக்குமாறு யாம் வேண்டினோம். மூத்தோர் சிலர் முணுமுணுத்தனர். ஊழியத்திற்கு வந்த ஐயரவர்களே எம் பக்கம் பேசினார்கள். முதல் நாள் மாலை, பாட்டு நடந்துகொண்டிருக்கையில், யாம் இருவர் அண்ணாச்சியின் திண்ணையிற் போய் நின்று கேட்டோம். மெட்டு மெல்லக் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவர் உள்ளே சென்று பார்த்துவிட்டு வந்து, "தூங்குகிறாள்" என்றார். வரும் பங்குனிக் கொடையைப் பற்றி யாம் ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போது அவரே, "மைக் செட்டுக்காரனிடம் சொல்லிப் பார்க்கிறேன், தம்பி. பிள்ளைகள்தான் கேட்கவேண்டும்" என்றார்.