கணினித் தெருவில் கதிர்வீச்சுத் தேடல்

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைத் தொழிலாளர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்திருக்கிறது. ஒருவர் இறந்தார். கதிர்வீச்சு இருப்பது, உடம்பு கெட்ட பிறகுதான் தெரியவந்தது.

இதைத் தடுக்க, டிடெக்டரை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகத் தேடலாம். ஆனால் அந்த டிடெக்டரை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது? கோபால்ட்டையோ அணுகுண்டுக்கான யுரேனியத்தையோ கொண்டுபோய்க் கடைவீதியில் வைத்துப் பார்க்க முடியாதே!

அதனால், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் தெருவையே கணினிக்குள் கட்டியது. செங்கல், கருங்கல், கான்கிரீட், தார் எல்லாவற்றிலும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. அவற்றிலிருந்து கிளம்பும் காமாக் கதிர் எந்தச் சுவரில் மோதி, எவ்வளவு ஆற்றலோடு டிடெக்டரை அடைகிறது என்பதை மான்டி கார்லோ என்ற கணினி முறையில் கணக்கிட்டார்கள். டிடெக்டர், 16 அங்குல நீளமுள்ள சோடியம் அயோடைடு படிகம். இந்த இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சின் மேல் சில முறை கதிரியக்கப் பொருள் ஒன்றைச் சேர்த்தார்கள். சில முறை அதை ஈயத்தால் மூடியும் வைத்தார்கள். 2019-ல் இந்தத் தரவைக் கொண்டு போட்டியே நடந்தது. பொருள் இருக்கிறதா, எந்த வகை, வண்டி எந்த நொடியில் அதை நெருங்கியது என்று மென்பொருள் சொல்ல வேண்டும்.

யுரேனியம், புளூட்டோனியம், கோபால்ட் ஆகியவற்றோடு அயோடின்-131, டெக்னீசியம்-99எம் இரண்டையும் சேர்த்ததுதான் இந்தச் சோதனையின் சிறப்பு என்பேன். இவை இரண்டும் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுப்பவை. அயோடின் சிகிச்சை பெற்றவர் உடலிலிருந்து பல நாள்களுக்குக் கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். அவரைப் பார்த்தெல்லாம் அலாரம் அடித்தால், உண்மையான ஆபத்தின்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? டெக்னீசியத்தோடு யுரேனியத்தைச் சேர்த்து வைத்த வகையும் உண்டு. டெக்னீசியத்தின் காமாக் கதிர் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். யுரேனியம்-235-இன் முக்கிய காமா 186. வலுவான ஒன்றின் பக்கத்தில் பலவீனமான மற்றதைப் பிரித்துக் காண்பது கடினம். அந்தக் கடினத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆனால் அது அமெரிக்கத் தெரு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் தோரியம் மிகுதி. அமெரிக்கப் பின்னணியில் மட்டும் பழகிய மென்பொருள் அங்கே வீணாக எச்சரிக்கக்கூடும். நம் ஊர்களின் பின்னணியை அளந்து, நம் தெருக்களையும் கணினியில் கட்ட வேண்டும். நம் பல்கலைக்கழக இயற்பியல் துறைகள் இதில் இறங்கட்டும். தொடங்கிப் பழக ஓக் ரிட்ஜ் தரவு இலவசமாகவே கிடைக்கிறது.