தடுமாறி ஓடும் பழைய வண்டி

ஸ்டீரிங் சக்கரத்தை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே வண்டி தானாக இடப்பக்கமும் வலப்பக்கமும் அலைகின்றதா? ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியுள்ளதா? தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாகச் செல்லும்போது இக்குறை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்தில் ஒரு பெரிய லோரி கடக்கும் நேரத்தில்தான் அது தன்னைக் காட்டுகின்றது. வண்டிக்குள் குடும்பத்தார் எழுவர் அமர்ந்திருக்கும்போது அப்படி நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

நான்கு சக்கரங்களும் இயங்கும் உயரமான பழைய வண்டிகளைத் தோட்டத்து அன்பர்கள் பலர் இன்று கூட்டாகப் பணம் சேர்த்து வாங்குகின்றனர். 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் ஒரு காலத்தில் துரைமார்களின் வண்டியாக இருந்தது. இன்று அதன் வழிவந்தவையும், லேண்ட் குரூசர், பஜேரோ, ஜிம்னி போன்ற ஜப்பானிய வண்டிகளும் தொழிலாளர் வீட்டு வாசலிலும் நிற்கின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பழைய வண்டியின் நோயை அறியாமல் கண்ட உதிரிப்பாகத்தையெல்லாம் மாற்றிப் பணத்தை இழப்பவர்களும் பலர்.

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1973 முதல் அங்கே அடுக்குமாடிப் புதுநகரம் எழுந்தது. இன்று அந்நகரின் தொழிற்பேட்டைகளிலும், அருகிலுள்ள சின் மிங் பகுதியிலும் மோட்டார் பட்டறைகள் வரிசை வரிசையாக உள்ளன. சிங்கப்பூரில் 1990 முதல் வண்டி உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. காருக்குப் பத்தாண்டு முடிந்தபின் பெருந்தொகை கட்டினால்தான் அதனை மேலும் ஐந்தாண்டோ பத்தாண்டோ வைத்துக்கொள்ள இயலும். பத்தாண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனை நிலையத்திற்குச் சென்று தேறவும் வேண்டும். ஆகவே அங்கே பழைய வண்டி வைத்திருப்பவர் அதன் அடிப்பகுதியை முறையாகப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளார். மலேசியாவில் தனியார் காருக்கு அத்தகைய காலவரம்பு இல்லாததால் பார்க்கும் பொறுப்பு நம்மிடமே விடப்பட்டுள்ளது.

நல்ல பட்டறைக்காரர் முதலில் சாவியை வாங்குவதில்லை; கேள்வி கேட்கின்றார். வண்டி ஒரே பக்கமாக இழுக்கின்றதா, அல்லது இரு பக்கமும் அலைகின்றதா? இவை வெவ்வேறு நோய்கள். ஒரே பக்கம் இழுத்தால் டயர்களின் காற்றழுத்த வேறுபாடு, பிடித்துக்கொண்டு விடாத பிரேக், சக்கரக் கோணப் பிழை ஆகியவற்றை ஐயுற வேண்டும். இரு பக்கமும் அலைந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஆக்ஸலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும், விடும்போது மறு பக்கமும் வண்டி தாவுகின்றதா? அப்படியானால் குற்றம் முன்பக்கத்தில் இல்லை. பின் அச்சைப் பிடித்திருக்கும் புஷ்களிலோ, பட்டை ஸ்பிரிங்கை இறுக்கும் போல்ட்டுகளிலோ உள்ளது. இதனை அறியாமல் ஸ்டீரிங் பாகங்களை முழுவதும் மாற்றுவது, கால்வலிக்குத் தலையில் தைலம் பூசுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது டயர். இதற்குச் செலவே இல்லை. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நான்கும் ஒரே அளவும் ஒரே வகையுமாக இருத்தல் நன்று. பிறகு டயரின் தரை தொடும் பகுதியைக் குறுக்காக உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் உறுத்தினால், முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் இல்லை என்பது தெளிவு. பட்டையின் ஆழத்தைக் கத்தி முனையிலேயே உணரும் பால்வெட்டுத் தொழிலாளரின் கைக்கு இது கடினமான பாடமன்று.

மூன்றாவது சோதனைக்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியாயின் எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் ஸ்டீரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் விட்டுவிட்டு அசைக்க, மற்றவர் பக்கவாட்டில் படுத்து, கையை உள்ளே நீட்டாமல், விளக்கொளியில் ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துவர வேண்டும். ஸ்டீரிங் பெட்டியின் மேல்தண்டு திரும்பியும் கீழ்க்கை திரும்பவில்லையெனில் பெட்டியில் தேய்வு. கீழ்க்கை நகர்ந்தும் இணைப்புத் தண்டு தாமதமாக நகர்ந்தால் பந்து மூட்டில் தேய்வு. பெட்டியே சட்டத்தின்மேல் நெளிந்தால் அதன் போல்ட்டுகள் தளர்ந்துள்ளன, அல்லது சட்டம் வெடித்துள்ளது. முன்பக்கம் ஒரே முழு அச்சாக அமைந்து, சுருள் ஸ்பிரிங் பொருத்திய வண்டிகளில், அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் குறுக்குத் தண்டு ஒன்று இருக்கும். அதன் இரு முனைப் புஷ்களையும் தவறாமல் காண்க. ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியவுடன் முன்பக்கம் முழுவதும் நடுநடுங்கும் அச்சந்தரும் நோய்க்கு இப்புஷ்கள் அடிக்கடி காரணமாகின்றன.

பின்னர்ச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் சக்கரத் தாங்கி அல்லது மூட்டு தேய்ந்துள்ளது. பக்கவாட்டில் பிடித்தால் மட்டுமே ஆட்டம் தெரியுமாயின் ஸ்டீரிங் தண்டின் முனையை ஐயுறுக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை வைப்பது கூடாது. இரும்புத் தாங்கி வைத்தே ஆக வேண்டும்.

புஷ் என்று பன்முறை சொன்னோம். அது நம் தொழிலோடு நெருங்கியது. 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த மரத்தின் பால், இரும்புக் குழாய்களுக்கு இடையே ஒட்டிய ரப்பராக மாறி அங்கே உட்கார்ந்திருக்கின்றது. ஓயாத வளைவையும் நெளிவையும் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு நிகர் அரிது. எனினும் எண்ணெய் அதற்குப் பகை: எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து வலுவிழக்கும். காற்றிலுள்ள ஓசோனும் வெப்பமும் மேற்பரப்பில் வெடிப்பை உண்டாக்கும். எனவே ஒழுகலை அடைக்காமல் புதுப் புஷ் போடுவது வீண் செலவு. மற்றொன்றும் உண்டு. இத்தகைய புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கலாகாது. அப்படிச் செய்தால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். விரைவுக்காகப் பட்டறைகள் இதனை மறப்பதுண்டு. அருகில் நின்று கேட்பதில் தவறில்லை.

ஒன்றும் தளராத வண்டியும் அலையக்கூடும். சைக்கிளின் முன்கவட்டை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது நேராக ஓட உதவும் காரணங்களுள் அச்சாய்வும் ஒன்று. மோட்டார் வண்டியிலும் காஸ்டர் எனப்படும் இச்சாய்வு உண்டு. இளைஞர்கள் அழகுக்காக நீளமான ஸ்பிரிங் பொருத்தி வண்டியை உயர்த்தும்போது, பல வண்டிகளில் முன்அச்சு சுழன்று இச்சாய்வு குறைகின்றது. அதன்பின் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. அதற்கு மருந்து புதிய பாகமன்று; சாய்வைத் திருத்தும் புஷ் அல்லது பழைய உயரம்.

ஸ்டீரிங் பெட்டியின் மேலுள்ள திருகாணியை முறுக்கி ஆட்டத்தைக் குறைப்பதாகச் சிலர் கூறுவர். மற்ற இணைப்புகள் யாவும் சரியென்று உறுதியான பின்னரே, சக்கரங்கள் நேராக இருக்கும்போது, மிகச் சிறிதளவு மட்டும் அதனைத் திருப்பலாம். மிகையாக முறுக்கினால் பெட்டி நடுவில் இறுகி, வண்டி முன்னிலும் அதிகமாக அலையும்; பற்களும் விரைவில் தேயும்.

சக்கரக் கோணம் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. தளர்ந்த மூட்டுகளோடு அதனைச் செய்தால் இன்று காட்டிய அளவு நாளை இராது. வேலை முடிந்ததும் முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்கி, வண்டிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்க. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, புதிதாக இறுக்கிய நட்டுகளை மறுபடியும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.