மழை, செம்மண், வெறுங்கால்

மழை பெய்தால் ஷூ போட்டு ஆடணுமா, கழற்றிவிட்டு ஆடணுமா? திருவண்ணாமலையில் கால்பந்து ஆடுகிற பசங்க நடுவே ஒவ்வொரு மழைக்கும் இந்த வாதம் வரும். ஷூ இல்லாவிட்டால் வழுக்கும் என்கிறது ஒரு கோஷ்டி. ஷூ போட்டால்தான் வழுக்குது, விரலை ஊன்றி ஓடினா விழவே மாட்டோம் என்கிறது இன்னொரு கோஷ்டி. கேட்டால் விளையாட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் கால்பந்து வரலாற்றில் பெரிய மேட்ச்களே இந்தக் கேள்வியில் தீர்மானமாகி இருக்கின்றன. நம்ம ஊர் மண்ணுக்கு இதன் விடை கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது என்பதால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஷூ கட்சியின் சாட்சி. 1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஹங்கேரி. 1950-க்குப் பிறகு தோற்றதே இல்லை, 1952 ஒலிம்பிக் தங்கம் அவர்கள் கையில், அதே உலகக் கோப்பையில் முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று அடித்துப் போட்டவர்கள். எதிரே அதே மேற்கு ஜெர்மனி. அன்று மழை. ஜெர்மன் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்டருக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியா வந்திருந்தது. அதனால் வெயிலில் ஆடச் சிரமப்படுவார், மழை வந்தால் தெளிவாகிவிடுவார். இன்றைக்கும் ஜெர்மனியில் மழை நாளை 'ஃபிரிட்ஸ் வால்டர் வானிலை' என்று சொல்வார்கள்.

அந்த அணிக்குக் காலணி செய்து கொடுத்தவர் அடிடாஸைத் தொடங்கிய அடி டாஸ்லர். காலணியின் அடியில் இருக்கும் குமிழ்களை (ஸ்டட்) திருகிக் கழற்றி, தரைக்குத் தகுந்தபடி நீளமானதையோ குட்டையானதையோ மாட்டிக்கொள்ளலாம். மழையைப் பார்த்ததும் நீளமான ஸ்டட் மாட்டினார்கள். எட்டு நிமிடத்துக்குள் 0-2 என்று பின்தங்கியவர்கள் கடைசியில் 3-2 என்று ஜெயித்தார்கள். திருகு ஸ்டட்டை முதலில் கொண்டுவந்தது யார் என்பதில் அடி டாஸ்லருக்கும், பூமா கம்பெனி வைத்திருந்த அவருடைய சொந்த அண்ணன் ருடால்ஃபுக்கும் தகராறு உண்டு. பங்காளிச் சண்டை எல்லா ஊரிலும் இருக்கிறது. வெற்றிக்கு ஸ்டட் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஈரப் புல்தரையில் எழுபது, எண்பது நிமிடத்துக்கு மேல் ஓடும்போது கால் நிற்கிறவனுக்கும் நிற்காதவனுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வெறுங்கால் கட்சிக்கும் பெரிய சாட்சி உண்டு. 1911 ஜூலை 29, கொல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் பட்டாள அணியை 2-1 என்று வென்றது. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். சுதிர் சாட்டர்ஜி ஒருவர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். வெறுங்காலின் வேகமும் பந்தின் மீதான பிடியும் பூட்ஸைத் தோற்கடிக்கும் என்று நாடே நம்பியது. நம்பிக்கையில் தப்பில்லை, தரை காய்ந்திருந்தால்.

கொல்கத்தாவின் கால்பந்து சீசனே மழைக்காலம்தான். தரை ஊறிப்போனதும் வெறுங்கால் அணிகள் தடுமாறும். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது முகமதன் ஸ்போர்ட்டிங். ஈரத் தரையில் ஆட்டக்காரர்களுக்கு பூட்ஸ் மாட்டினார்கள். 1934-ல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி ஆனார்கள், 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை. ஆனாலும் வெறுங்கால் பழக்கம் உடனே போய்விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன்தான் ஆடினார்கள். 1-2 தோல்வி. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. (வெறுங்காலுடன் ஆட விடாததால் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்று ஒரு கதை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒலிம்பிக்கைப் பெரிதாகவும் உலகக் கோப்பையைச் சிறிதாகவும் நினைத்த நிர்வாகம்தான் பெரிய காரணம். காலணி அல்ல.)

அப்போ ஷூ கட்சி ஜெயிச்சாச்சா? நம்ம ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

பெர்னில் இருந்தது புல்தரை. மழை பெய்தால் புல்லும் அடியில் உள்ள மண்ணும் சேர்ந்து ஊறி மெத்தென்று ஆகும். நீளமான ஸ்டட் அதில் ஆணி மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் நாம் ஆடுவது பெரும்பாலும் மொட்டைச் செம்மண். கருங்கல் பாறை உதிர்ந்து வந்த மணலும் களியும் கலந்த மண். வெயிலில் அது காய்ந்து, ஆயிரம் கால் மிதித்து, சாலை மாதிரி இறுகிக் கிடக்கும். மண் துகள்களுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளி நசுங்கிப் போயிருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. ஒரு மழை பெய்ததும் மேலே ஒரு விரற்கடை மட்டும் குழைந்து பசையாகும். அதற்குக் கீழே காய்ந்த கட்டாந்தரை அப்படியே இருக்கும். மேலே வெண்ணெய், கீழே சிமெண்ட்.

இதில் நீளமான ஸ்டட் என்ன செய்யும்? பசையைத் தாண்டி, கீழே உள்ள கட்டாந்தரையில் இறங்க முடியாமல் அதன் மேல் நிற்கும். நாலைந்து முனைகளில் உடம்பைத் தாங்கிக்கொண்டு பொய்க்கால் குதிரை ஆடுகிற மாதிரிதான். திரும்பும்போது கணுக்கால் பிசகும். விரல் ஊன்றி ஓடினா விழ மாட்டோம் என்று பசங்க சொல்வதில் அனுபவம் இருக்கிறது. விரல்கள் பசையை விலக்கி அடித்தரையைத் தொடுகின்றன, தரை எங்கே வழுக்குது என்று பாதத்துக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அந்த அளவுக்கு வெறுங்கால் கட்சி சரி. குட்டையான ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள ஷூவும் இதே வேலையைச் செய்யும். அழுத்தம் பல இடங்களில் பரவும், சேறு அடைத்தால் உதறிவிடலாம். என்னைக் கேட்டால் நம்ம தரைக்கு அதுதான் சரி.

வெறுங்கால் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. எலிக்காய்ச்சல். எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கும். காலில் ஒரு கீறல் இருந்தால் உள்ளே போக அது போதும். நம்ம மைதானத்தில் கருங்கல் சில்லுக்கும் பாட்டில் துண்டுக்கும் பஞ்சமே இல்லை, கீறல் இல்லாத கால் எங்கே இருக்கிறது? கிருமி புகுந்து 2 முதல் 30 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு வரும். கூடவே கெண்டைக்கால் சதையில் கடும் வலி. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கால்பந்து ஆடுகிற பையனுக்குக் கெண்டைக்கால் வலித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "ஓவரா ஆடிட்டான்" என்று தைலம் தடவி விட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் ஆண்டிபயாடிக்கில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மழையில் ஆடிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், "தேங்கின தண்ணியில ஆடினேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்காவிட்டாலும்.

அடுத்து பந்து. ஈரமான வழவழப்பில் பந்து தரையைப் பிடிக்காமல் சறுக்கிக்கொண்டு, எதிர்பார்த்ததைவிட வேகமாக வரும். தண்ணீர் தேங்கிய குழியில் அதே பந்து சட்டென்று நின்றுவிடும். நம்ம மைதானத்தில் பத்தடிக்குள் இரண்டும் நடக்கும். அதனால் குழி உள்ள பக்கம் தரையோடு பாஸ் கொடுக்காமல் தூக்கிப் போடணும். வழவழப்பான பக்கம் கோலுக்குத் தாழ்வாக அடிக்கணும். கோலி கையை மட்டும் நீட்டாமல் உடம்பையே பந்துக்குப் பின்னால் கொண்டுபோகணும்.

பந்தின் எடை பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகள் நிஜம்தான். ஆட்டம் தொடங்கும்போது பந்து 410-லிருந்து 450 கிராமுக்குள் இருக்கணும் என்பது விதி. நடுவில் என்ன ஆகும் என்பது பந்தைப் பொறுத்தது. பழைய தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும், தலையால் முட்டினால் பொறி கலங்கும். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையின் 'அஸ்டெகா'தான் அந்தப் போட்டியில் முழுக்கச் செயற்கைப் பொருளில் செய்த முதல் பந்து. இன்றைய ஃபிஃபா சோதனையில் பந்தைத் தண்ணீரில் வைத்து 250 முறை அமுக்கி, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று எடை போட்டுப் பார்க்கிறார்கள். நாம் வாங்கும் மலிவுப் பந்துக்கு அந்தச் சோதனை எல்லாம் கிடையாது, தையல் வழியாகத் தண்ணீர் போகும். ஆடி முடித்ததும் துடைத்து நிழலில் காய வைத்தால் கொஞ்ச நாள் கூட உழைக்கும்.

எப்போது ஆட்டத்தை நிறுத்துவது? விதிப்படி நடுவரின் முடிவு. நடுவர்கள் வழக்கமாகச் செய்வது எளிய வேலை. பந்தை உருட்டிப் பார்ப்பார்கள், மேலிருந்து விட்டுப் பார்ப்பார்கள். உருளவில்லை, எழும்பவில்லை என்றால் ஆட்டம் இல்லை. இதிலும் சர்ச்சை வந்திருக்கிறது. 1974 ஜூலை 3, ஃபிராங்க்ஃபர்ட்டில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதின. மைதானம் குளமாகி, தீயணைப்புப் படை வந்து தண்ணீரை இறைத்து, ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. டிரா ஆனாலே ஜெர்மனி இறுதிக்குப் போகும், போலந்து ஜெயித்தே ஆகணும். போலந்தின் பலமே ஓரத்தில் பறக்கும் லாட்டோவும் கடோச்சாவும். ஊறிய தரையில் அந்த வேகம் செத்துப்போனது. 76-வது நிமிடத்தில் கெர்ட் முல்லர் கோல் அடித்தார், 1-0. போலந்துக்காரர்கள் இன்னும் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். மழை இரண்டு அணிக்கும் பொது என்று சொல்வோமே, அது பாதிதான் உண்மை.

பந்து உருண்டாலும் நிறுத்த வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. நம்ம ஊருக்கு இரண்டு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாள் முழுக்க நசநசவென்று பெய்யும். ஆடி, ஆவணியில் வருவது வேறு ரகம். பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு இடியுடன் கொட்டும். பள்ளிக்கூடம் விட்டுப் பசங்க மைதானத்துக்கு வருகிற அதே நேரம். திறந்த வெளியில் உயரமாக நிற்பது கோல் கம்பமும் ஆட்களும்தான். 2024-ல் மட்டும் பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பாண்டுங்கிலும் நவம்பரில் பெருவிலும் மைதானத்திலேயே மின்னல் தாக்கி ஆட்டக்காரர்கள் இறந்தார்கள்.

கணக்கு சுலபம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெளியே நிற்கக் கூடாத தூரம் அது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் திரும்ப இறங்கலாம். ஒதுங்குவது கட்டடத்துக்குள், அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள். புளியமரத்தடி கூடவே கூடாது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செயலியை இலவசமாக விட்டிருக்கிறது, பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். கோச் ஒருவர் போனில் இருந்தாலும் போதும்.

கடைசியாகத் தரை. நம்ம ஊரில் மழையும் கார்த்திகை தீபமும் ஒன்றாக வரும். தீபத்துக்கு ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையமும் வாகன நிறுத்தமும் போடுவார்கள், லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது வேறு வழியில்லை. ஆனால் ஈர மண்ணில் பஸ் சக்கரம் ஏறினால் காய்ந்த மண்ணில் ஏறுவதைவிடப் பல மடங்கு இறுகும். ஆடுகளமாக இருக்கும் திடலில் அப்படி நடந்தால், அடுத்த வருஷம் அதே இடத்தில் தண்ணீர் இன்னும் அதிகமாகத் தேங்கும், பசை இன்னும் வழுக்கும். நாமே மழை ஓய்ந்ததும் இறங்கி மிதிப்பதும் சின்ன அளவில் அதே வேலைதான்.

சரிசெய்ய மிஷின் எல்லாம் வேண்டாம். தேங்கிய தண்ணீரை துடைப்பத்தால் நாலாபக்கமும் தள்ளிவிட்டால் சேறுதான் பரவும். அதைவிட மண்வெட்டியால் தாழ்வான ஓரத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிடலாம். பிடித்த மண் உருண்டை கையில் ஒட்டாமல் உதிரும் பதம் வந்ததும், கோல் முன்னாலும் நடு வட்டத்திலும் நாலு விரற்கடை ஆழத்துக்குக் கொத்திவிட்டு, ஆற்று மணல் கிடைத்தால் கொஞ்சம் கலந்து, குழிகளை நிரவிவிட வேண்டும். அதுவரைக்கும் இரண்டு மூன்று நாள் கோல் கம்பத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்து மேட்டுப் பகுதியில் ஆடுங்கள்.