முன்னால் ஒரு சக்கரம் போதுமா?

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

கியர் வைத்த மிதிவண்டியைக் கண்டதும் நாம் முதலில் கேட்பது, "எத்தனை கியர்?" என்பதே. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் பதினொன்று. பெருக்கினால் 22 என்று விடை வரும். எண் பெரிதாக இருந்தால் வண்டியும் பெரிது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் இன்று மேலைநாடுகளில் பலர், சாலை மிதிவண்டியின் முன்சக்கரங்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சக்கரத்தோடு ஓட்டுகிறார்கள். இது முன்னேற்றமா, வெறும் மோகமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும்? முன்பற்களின் எண்ணிக்கையைப் பின்பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை கிடைக்கும். இதுவே பல்விகிதம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தந்தையார் இந்த வகுத்தலைத் தாளில் எழுதியவரல்லர். ஆனால் பிரீவீலின் பற்களை விரலால் எண்ணிவிட்டு, "இது மேட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிடுவார். அவர் கை அறிந்ததையே நாம் எண்ணால் எழுதுகிறோம்.

முன்னால் 50, 34 பற்களும், பின்னால் 11 முதல் 28 பற்கள் வரையும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். மிக உயர்ந்த விகிதம் 50/11, அதாவது 4.55. மிகத் தாழ்ந்தது 34/28, அதாவது 1.21. இடையில் 50/25 என்பதும் 2. 34/17 என்பதும் 2. அதுபோலவே 50/28, 34/19 இரண்டும் ஏறத்தாழ 1.79. ஆக, 22 கியர் என்பது கடைக்காரர் கணக்கு. கால் உணர்வது அதனினும் குறைவு. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைத்தது போன்றது இது.

இப்போது முன்னால் 42 பற்கள் கொண்ட ஒரே சக்கரத்தையும், பின்னால் 11 முதல் 42 வரையிலான தொகுதியையும் பொருத்துவோம். உயர்விகிதம் 3.82, தாழ்விகிதம் 1. மேட்டில் ஏறுவதற்கு இது முன்னதைவிட எளிது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏற நினைப்பவனுக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும். சமதரையில் இழப்பு உண்டா? டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொண்டு, நிமிடத்திற்கு 90 சுற்று மிதித்தால் பழைய வண்டி மணிக்கு 51.5 கி.மீ., புதியது 43.3 கி.மீ. ஓடும். கல்லூரிக்கு வரும் நமக்கு அந்த 8 கி.மீ. தேவையில்லை, பந்தய வீரனுக்குத் தேவை.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பழைய தொகுதியில் 12 பல்லிலிருந்து 11-க்கு மாறினால், வேகம் மாறாமல் இருக்க, மிதிக்கும் சுற்று 90-லிருந்து 82 அல்லது 83-ஆகக் குறையும். புதிய தொகுதியில் 13-க்கு அடுத்தது 11. எனவே 76-ஆக இறங்கிவிடும். படிகள் உயரமானால் முழங்கால் அறிந்துகொள்வது போல, இந்தத் தாவலையும் கால் அறிந்துகொள்ளும்.

இனி மாற்றும் முறையைக் காண்போம். முதலில் முன்சங்கிலியைத் தள்ளிவிடும் முன்மாற்றியையும் அதன் கம்பியையும் கழற்ற வேண்டும். அந்த மாற்றி சங்கிலிக்கு ஓரளவு வேலியாகவும் இருந்தது. வேலி போனால் சங்கிலி கழன்றுவிடுமே! இதற்காகவே ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெல்லியது என்று மாறி மாறி அமைந்த சக்கரம் வந்துள்ளது. சங்கிலியில் அகன்ற இடைவெளியும் குறுகிய இடைவெளியும் மாறி மாறி வருவதால், தடித்த பல் அகன்ற இடைவெளியில் இறுகப் பொருந்தும். இச்சக்கரத்தின் பற்கள் எப்போதும் இரட்டைப்படை எண்ணில் இருப்பதன் காரணமும் இதுவே. இரண்டு சக்கரங்களைப் பிணைத்த பழைய போல்ட்டுகள் ஒன்றுக்கு நீளமாகிவிடும், குட்டையானவை வேண்டும். சக்கரம் பின்தொகுதியின் நடுப்பல்லுக்கு நேராக நிற்க வேண்டும்.

பின்மாற்றியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய அமைப்பில் அது இழுத்துப் பிடிக்க வேண்டிய தளர்ச்சி (50–34) + (28–11) = 33 பற்கள். புதியதில் 42–11 = 31 மட்டுமே. "குறைவுதானே, பழையதே போதும்" என்று தோன்றும். ஆனால் 28 பல்லுக்கென்று செய்த மாற்றி 42 பல் சக்கரத்தின்மேல் முட்டிக்கொள்ளும். ஆகவே பெரிய பல்லுக்கு இடம் தரும் மாற்றி வேண்டும்; அது நம் கைப்பிடி நெம்புகோலோடு ஒத்துப்போகவும் வேண்டும். 2019-இல் ஷிமானோ வெளியிட்ட ஜி.ஆர்.எக்ஸ். வரிசையில் இவ்வகை உண்டு. குலுங்கும் சாலையில் சங்கிலி துள்ளாதபடி பிடிக்கும் கிளட்ச்சும் அதில் இருக்கிறது. கடைசியாகச் சங்கிலியைப் பெரிய முன்சக்கரத்திலும் பெரிய பின்சக்கரத்திலும் சுற்றி, பின்மாற்றி வழியே விடாமல் அளந்து, மேலும் இரண்டு கண்ணிகள் சேர்த்து வெட்டுவது பொதுவழக்கு.

இவ்வளவு செய்தும் முழுக்காப்பு கிடைக்குமா? 2023 மே 27 அன்று இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தின் மோன்டே லுசாரி மலையேற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் பிரிமோஷ் ரோக்லிச் ஒற்றை முன்சக்கரத்தோடு ஏறினார். கடைசி 7 கி.மீ. சராசரியாகச் சுமார் 12 விழுக்காடு ஏற்றம். வழியில் குலுங்கிச் சங்கிலி கழன்றது! இறங்கி மாட்டிக்கொண்டு மீண்டும் மிதித்து, அன்றைய போட்டியையும், 14 வினாடி வேறுபாட்டில் முழுப் பந்தயத்தையும் வென்றார். ஒற்றைச் சக்கரத்தின் வலிமையும் எல்லையும் அந்த ஒரே நாளில் வெளிப்பட்டன. அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஆள் வந்தது. பேருந்துகளுக்கு நடுவே எழுந்து நின்று மிதிக்கும்போது நமக்குச் சங்கிலி கழன்றால், முதலில் தரையைத் தொடுவது நம் முழங்கையாகத்தான் இருக்கும். எனவே பழைய சாதாரணச் சக்கரத்தையே வைத்துக்கொண்டு முன்மாற்றியை மட்டும் கழற்றும் சிக்கனம் வேண்டாம்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்சக்கரம், போல்ட்டுகள், பின்தொகுதி, பின்மாற்றி, சங்கிலி என ஐந்து பொருள்கள் வாங்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள வண்டியில் இவற்றை மாற்றுவது பெற்றோரின் உழைப்பை வீணாக்குவதாகும். சங்கிலியும் பற்களும் தேய்ந்து எப்படியும் வாங்க வேண்டிய நிலை வந்தால், அதுவே தக்க தருணம். அப்போதும் கடைக்குப் போகுமுன் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாள்தோறும் செல்லும் வழியில் மிகச் செங்குத்தான மேடு எது? அங்கே இப்போது நீங்கள் மிதிக்கும் விகிதம் என்ன? அந்த விகிதம் உங்களுக்கு எளிதாக இருக்கிறதென்றால், பழைய வண்டியே உங்களுக்கு ஏற்ற வண்டி.