மெயில் வந்தது, மணி அடிக்கவில்லை

போன மாதம் ஒரு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். பழைய நிலப் பதிவேடு ஒன்றைப் பார்க்க அனுமதி வேண்டும். பதிலுக்காக தினமும் கணினித் திரையின் வலது மூலையில் ஒரு கண் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். ஒன்றும் வரவில்லை. "மெதுவாத்தான் வரும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வேறு எதையோ தேடப்போய் 'ஆவணங்கள்' என்ற ஃபோல்டரைத் திறந்தால், செவ்வாய்க்கிழமை காலையிலேயே பதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெள்ளி மதியத்துக்குள் உறுதி செய்தால் அடுத்த வாரம் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளி போயே போச்சு. அடுத்த தேதிக்கு ஏழு வாரம் காத்திருக்கணும்.

இதில் கூடுதல் எரிச்சல் என்னவென்றால், புதன்கிழமையே எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. என் இன்னொரு முகவரியிலிருந்து எனக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். உடனே 'டிங்' என்று அறிவிப்பு வந்தது. சரி, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

சோதனை மெயிலுக்கு அடித்த மணி நிஜ மெயிலுக்கு ஏன் அடிக்கவில்லை? அதைத் துருவிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட். மற்ற மெயில் நிரல்களிலும் அடிப்படை ஏறக்குறைய இதேதான். பட்டன்களின் பெயர்தான் மாறும்.

முதலில் ஒரு பழக்கதோஷத்தைச் சொல்லணும். கைபேசியில் மெயில் செயலியை மூடி வைத்திருந்தாலும் அறிவிப்பு வரும். அங்கே கூகுளோ ஆப்பிளோ எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரு தகவல் பாதையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கணினியில் ஓடும் தண்டர்பேர்டுக்கு அப்படி யாரும் இல்லை. அதுவே போய் சர்வரிடம் கேட்டாகணும். நிரலை மூடிவிட்டால் கேட்க ஆள் இல்லை, மணியும் இல்லை.

கேட்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குறிப்பிட்ட இடைவெளியில் போய் "ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பது. தண்டர்பேர்டில் இது வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவை. இன்னொன்று, இணைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு, "வந்தால் நீயே சொல்லு" என்று காத்திருப்பது. இதற்கு ஐடில் என்று பெயர். மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறைக்கு 1997-இல் சேர்க்கப்பட்ட வசதி இது. பாப் முறையில் மெயில் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி கிடையாது, முதல் வழி மட்டும்தான்.

ஐடில் இருக்கும்போது பிரச்சினை எங்கிருந்து வந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு இணைப்பு ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரைத்தான் கவனிக்கும். தபால் அலுவலகத்தில் பத்து கவுண்டர் இருக்கிறது, நீங்கள் முதல் கவுண்டர் முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடிதம் வந்தால் உடனே கையில் கொடுப்பார்கள். ஏழாவது கவுண்டருக்கு வந்தால்? உங்களிடம் யாரும் சொல்லப்போவதில்லை. பல ஃபோல்டர்களை ஒரே இணைப்பில் கவனிக்க 2009-இல் வேறொரு நீட்சியும் வகுத்தார்கள். ஆனால் அது பரவலாகவில்லை.

தண்டர்பேர்ட் வழக்கமாக முதல் கவுண்டரில், அதாவது இன்பாக்ஸில் நிற்கும். வழக்கமாக ஐந்து இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும் என்பதால், நீங்கள் சமீபத்தில் திறந்து பார்த்த சில ஃபோல்டர்களையும் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருக்கும். "சில நாள் வருது, சில நாள் வரல" என்று பலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காப்பகங்களிலிருந்து வரும் மெயில்கள் தொலைந்துபோகக் கூடாது என்று பிரவுசரில் போய் ஒரு ஃபில்டர் போட்டேன். அவை இன்பாக்ஸைத் தொடாமல் நேராக 'ஆவணங்கள்' ஃபோல்டருக்குப் போய்விடும். வடிகட்டுவது சர்வரிலேயே நடப்பதால், இன்பாக்ஸில் நின்ற தண்டர்பேர்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் சோதனை மெயில் அந்த ஃபில்டரில் மாட்டவில்லை, இன்பாக்ஸுக்கே வந்தது. அதனால் மணி அடித்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் எடுத்து வைத்த மெயிலைத்தான் நானே ஒளித்து வைத்திருக்கிறேன்! நிரல் மேலே குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

சரிசெய்வது சுலபம். அந்த ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், புது மெயில் எடுக்கும்போதெல்லாம் இந்த ஃபோல்டரையும் பார் என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யணும். இப்படி நிறைய ஃபோல்டர் இருந்தால், செட்டிங்ஸின் அடியில் இருக்கும் கான்ஃபிக் எடிட்டரைத் திறந்து, 'செக் ஆல் ஃபோல்டர்ஸ்' என்பதை ஆங்கிலத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத் தேடுங்கள். அங்கே கிடைப்பதை 'ட்ரூ' என்று மாற்றினால் எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்து வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கூடுதல் ஃபோல்டர்களை நிரல் பார்ப்பது அந்த 10 நிமிடச் சுற்றில்தான். "ஐடில் இருக்கே, இது எதுக்கு" என்று சுற்றை நிறுத்தி வைத்திருந்தால் மறுபடியும் பழைய கதைதான். அக்கவுண்ட் செட்டிங்ஸில் இரண்டும் டிக் ஆகியிருக்கட்டும்.

இன்பாக்ஸுக்கு வரும் மெயிலுக்கே மணி அடிக்கவில்லை என்றால் வேறு இடங்களைப் பார்க்கணும்.

லேப்டாப்பை மூடித் திறந்தபின் அறிவிப்பு நின்றுவிடுகிறதா? ஐடில் இணைப்பு இடையில் செத்திருக்கலாம். நிரலோ அது உயிரோடு இருப்பதாக நினைத்துச் சும்மா காத்திருக்கும். சில வீட்டு ரவுட்டர்களும், வெகுநேரம் பேச்சில்லாத இணைப்புகளைச் சத்தம் காட்டாமல் துண்டித்துவிடும். ஐடிலைக் குறைந்தது 29 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்கிறது விதி. ரவுட்டர் அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டால் அந்த விதியால் பயனில்லை. நான் சுற்றை 5 நிமிடமாகக் குறைத்துவிட்டேன். அவசரத்துக்கு, கீழே இடது மூலையில் இருக்கும் ஆஃப்லைன் பொத்தானை ஒரு தடவை போட்டு எடுத்தால் புது இணைப்பு கிடைக்கும்.

மெயில் பட்டியலில் தானாக வந்துவிடுகிறது, ஆனால் அறிவிப்புப் பெட்டி மட்டும் எழவில்லையா? அப்படியென்றால் சர்வரையும் இணையத்தையும் விட்டுவிடலாம். தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் அறிவிப்பு காட்டும் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அடுத்து விண்டோஸ் 11-இல் 'டூ நாட் டிஸ்டர்ப்'. நாம் போடாமலே அது தானாக விழும் நேரங்கள் உண்டு: கேம் ஆடும்போது, ஒரு நிரலை முழுத்திரையில் வைத்திருக்கும்போது, ப்ரொஜெக்டரில் திரையைக் காட்டும்போது. மேக்கில் ஃபோகஸ் என்ற பெயரில் இதே வேலை நடக்கும். இன்னொன்று: மெயிலைக் கைபேசியில் முதலில் படித்துவிட்டால் அது 'படித்தது' என்றே கணினிக்கு வரும். அதற்கு மணி அடிக்காது, அது கோளாறும் இல்லை.

தேடும்போது ஒரு சின்ன சுவாரசியமும் கிடைத்தது. கான்ஃபிக் எடிட்டரில் இந்த அறிவிப்பு அமைப்புகளின் பெயரில் 'பிஃப்' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும். பிஃப் ஒரு நாய். 1980 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸுக்கு மெயில் அறிவிப்பு நிரல் எழுதியபோது, அங்கே எல்லோருக்கும் பழக்கமான அந்த நாயின் பெயரையே வைத்தார்கள். தபால்காரரைக் கண்டால் அது குரைக்கும், அதனால்தான் இந்தப் பெயர் என்பது கட்டுக்கதையாம். நாய் போய்விட்டது, பெயர் இன்னும் செட்டிங்ஸில் இருக்கிறது.

கடைசியாக, சோதிக்கும் முறை. வேறொரு முகவரியிலிருந்து மெயில் அனுப்பிவிட்டு மூன்று இடத்தைப் பாருங்கள். பிரவுசரில் வந்ததா? நீங்கள் எதையும் அமுக்காமல் நிரலின் பட்டியலில் வந்ததா? திரை மூலையில் பெட்டி எழுந்ததா? எந்த இடத்தில் நின்றதோ கோளாறு அதற்கு முன்னால்தான். முக்கியமாக, அந்தச் சோதனை மெயில் நீங்கள் எதிர்பார்க்கும் மெயில் போகும் வழியிலேயே போகணும். ஃபில்டர் இருந்தால் அதில் மாட்டுகிற மாதிரி அனுப்புங்கள். நான் புதன்கிழமை செய்யாமல் விட்டது இதைத்தான்.

எது பழுதானாலும் பிழைச்செய்தி வரும், சிவப்பு விளக்கு எரியும் என்று நாம் நம்பிப் பழகிவிட்டோம். அறிவிப்பு பழுதானால் ஒன்றும் வராது. மெயில் வராத நாளும் அப்படியேதான் இருக்கும். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. அதனால் தேதி உள்ள காரியம் ஏதாவது நிலுவையில் இருந்தால், மணியை நம்பாமல் நாளுக்கு ஒரு தடவை நானே எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிடுகிறேன். ஏழு வாரக் காத்திருப்பில் இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்கிறது.